கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டியவர்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்று மில்லிமீட்டர் முடிவு செய்தார். முடிவு செய்தது குளியலறையில், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு. வெளியே வந்து அதைச் சொல்ல இன்னும் மூன்று நாள் பிடித்தது.

மில்லிமீட்டர் என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனியில் படம் வரைகிற வேலை. கோடு அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆபீஸில் அவர் போட்ட கோட்டை யாரும் தாண்டியதில்லை. வீட்டில் அவர் கோடு போட்டால் மனைவி அதில் ரோடே போட்டுவிடுவாள்.

அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாத விஷயம் ஓர் அறை. ஹால், படுக்கையறை, சமையலறை போக அந்த வீட்டில் எட்டடிக்கு ஆறடியில் ஒரு சின்ன அறை இருந்தது. கைப்பிடி போன சூட்கேஸ்களைக் காலி செய்துவிட்டு, அதில்தான் அவர் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தார். வாங்கவில்லை, செய்துகொண்டிருந்தார். கடையில் விற்கிற பெட்டிகள் எல்லாம் அவர் கண்ணுக்குத் தகர டப்பாக்கள். மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் தானே படம் போட்டு, எதிர்ப்பட்டறையில் கொடுத்து வளைத்து, துளை போட்டு, அரம் வைத்து ராவி, கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி செய்துவிட்டார். சூட்டைத் தணிக்க வெறும் ஃபேன் போதாதாம். ஒரு குட்டி பம்ப், ஒரு குட்டித் தொட்டி, காரில் இருப்பது போல ஒரு ரேடியேட்டர், நடுவே வளைந்து வளைந்து ஓடும் குழாய். உள்ளே நீல நிறத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து சூட்டைச் சுமந்துகொண்டு போகும்.

பட்டறைக்காரர் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது கம்ப்யூட்டருக்கா, பீரோவுக்கா?”

“கம்ப்யூட்டருக்குத்தான். உள்ள தண்ணி ஓடும்.”

“தண்ணி பட்டா கம்ப்யூட்டர் போயிடும்னு சொல்வாங்களே.”

“குழாய்க்குள்ளயேதான் சுத்தும். வெளிய வராது.”

“எங்க வீட்டுல குழாய் போட்டவனும் இதையேதான் சொன்னான்.” பட்டறைக்காரர் படத்தை மடித்தார். “வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“ஏதோ செய்யறேன்னு தெரியும். என்ன செய்யறேன்னு தெரியாது.”

“அப்போ கம்ப்யூட்டருக்கு மட்டுமில்ல, வீட்டுக்கும் சேர்த்துத்தான் தண்ணி காட்டறீங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி அந்த அறை வாசலில் வந்து நின்றாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏதோ மிஷின் இருக்கிற பிரிவு. என்ன மிஷின் என்று இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை.

“ஏங்க, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை இங்க வராங்க.”

“வரட்டுமே. எத்தனை நாள்?”

“நாளா? ஒரு கண்ணு ஆறினப்புறம்தான் இன்னொரு கண்ணு. எப்படியும் ஆறு மாசம் ஆகும். இந்த ரூமைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க.”

மில்லிமீட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளியலறை முடிவை வெளியே எடுக்கும் நேரம் வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்தார்.

“முடியாது.”

அவளுக்கு அந்தச் சொல் புதுசு.

“என்ன சொன்னீங்க?”

“எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்வாங்க. எனக்குன்னு ஒரு வளை வேணும். அத்தை ஹால்ல படுக்கட்டும்.”

“கண் ஆபரேஷன் பண்ணினவங்க ஹால்ல படுக்கறதா? இந்த டப்பா மொதல்ல ஒழுகாம ஓடுமா?”

“டப்பாவா? சொட்டு ஒழுகாது.”

“அப்படியா. பந்தயம் வச்சுக்கலாமா? ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு நான் வந்து பார்ப்பேன். ஒழுகலைன்னா ரூம் உங்களுக்கு. ஒழுகினா எங்கம்மாவுக்கு.”

“சரி.”

“அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

“நான் போட்ட கோட்டை நானே அழிச்சதில்ல.”

இப்படித்தான் மனுஷன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்.

ஒழுகுகிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. கம்ப்யூட்டரை முடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். குழாய் சேருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்துவிட்டு, ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். மில்லிமீட்டரின் பெட்டியில் பதினாலு இணைப்பு. பதினாலு தாள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று தாளில் நீலப் புள்ளி.

ஸ்பேனரை எடுத்தார். அந்த மூன்று இணைப்பையும் முறுக்கினார். பதினாலையும் முறுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கால் திருகு கொடுத்தார். புதன்கிழமை காலையில் ஐந்து தாள் நீலம். இன்னும் முறுக்கினார். முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். வியாழக்கிழமை ஒன்பது தாள். போதாததற்குப் பம்ப் வேறு கொடகொடவென்று வாய் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. முறுக்க முறுக்க ஒழுகுகிற வஸ்து ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அவருக்கு அதிர்ச்சி. மேலே போகிற பட்டனை அழுத்தியும் லிஃப்ட் கீழே போனதைப் பார்த்தவர் போல விழித்தார்.

“என்னங்க, முகமெல்லாம் நீலமா இருக்கு?” என்று மனைவி சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்.

“மை.”

“ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லதானே வரையறீங்க?”

“கையெழுத்து போட்டேன்.”

“மூக்காலயா?”

வெள்ளிக்கிழமை காலையில் அவர் அறைப் பக்கமே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஆபீஸுக்குப் போனார். சனிக்கிழமையும் எட்டிப் பார்க்கவில்லை. எண்ணுவதற்கு மனசில் தெம்பு இல்லை. ஆனால் படம் வரைகிற மூளை சும்மா இருக்குமா? இணைப்பைச் சரிசெய்ய முடியாவிட்டால் தாளைச் சரிசெய்யலாமே. ஐந்து மணிக்கு மனைவி வருவதற்குச் சற்று முன் உள்ளே போய், நனைந்த தாளை உருவிவிட்டுக் காய்ந்த தாளைச் செருகிவிட வேண்டியது. அவள் பார்க்கிற ஒரு நிமிஷத்துக்குள் என்ன பெரிதாக ஒழுகிவிடப் போகிறது? நேர்மைக்கும் இதற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு, பதினாலு தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பூனை மாதிரி அறைக்குள் நுழைந்தார். கொடகொட சத்தம் இல்லை. பம்ப் நின்றுவிட்டதா? இல்லை, நீலத் தண்ணீர் ஒரு குமிழிகூட இல்லாமல் வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து முதல் தாளை எடுத்தார். காய்ந்திருந்தது. இரண்டாவது தாள், காய்ந்திருந்தது. பதினாலும் அப்பளமாகக் காய்ந்திருந்தது. அவருக்கு உடம்பு வேர்த்துவிட்டது. அந்த அறையில் அப்போது நனைந்திருந்த தாள் எல்லாம் அவர் சட்டைக்குள் இருந்ததுதான்.

‘முறுக்கினது இப்பதான் வேலை செஞ்சிருக்கு’ என்று நினைத்தார். ‘நல்ல காரியத்துக்கு நேரம் பிடிக்கும்.’ நெஞ்சு நிமிர்ந்தது.

சரியாக ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். பதினாலு தாளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“காஞ்சிருக்கு. நான் தோத்துட்டேன். ரூம் உங்களுக்கு.”

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் கேட்காத இரண்டு வார்த்தை, ‘நான் தோத்துட்டேன்’, காதில் விழுந்ததில் மில்லிமீட்டருக்கு லேசாகத் தலை சுற்றியது.

“பரவாயில்ல. வெற்றி தோல்வி சகஜம். அத்தைக்கு ஹால்ல ஒரு ஸ்கிரீன் போட்டுக் கொடுக்கறேன்.”

“எதுக்கு? அம்மா நம்ம பெட்ரூம்ல என்கூடப் படுத்துக்குவாங்க. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை கண்ணுல சொட்டு மருந்து விடணும்.”

“அப்போ நான்?”

“நீங்க உங்க ரூம்ல.”

வாசல் மணி அடித்தது. பட்டறைக்காரர் ஒரு ஒடுக்கமான இரும்புக் கட்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“சார், பெட்டியை எட்டு அங்குலம் நகர்த்தினா அச்சா உக்காந்துடும். செவ்வாய்க்கிழமையே வீட்டம்மா வந்து அளவு கொடுத்துட்டாங்க.”

“செவ்வாய்க்கிழமையா?”

கட்டில் உட்கார்ந்தது. தலைமாடு சுவரில் இடித்தது. கால்மாடு ரேடியேட்டருக்கு நேராக வந்தது. சூடு எங்கே போகும் என்று படம் போட்டவருக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் குளிர்ந்தால் அறை கொதிக்கும். ஆபீஸ் படங்களுக்கு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட என்று செய்த மிஷின் அது. ஆறு மாசமும் உள்ளங்கால் இட்லி மாதிரி வெந்துவிடும் என்று நினைத்தபோதே அவருக்கு அழுகை வந்தது. தோற்றிருந்தால்? அத்தை இந்த அறையில், அவர் தன் மெத்தையில். ஐயோ, தோற்றிருக்கலாமே.

மனைவி பட்டறைக்காரரை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். இரண்டு நிமிஷம் கிடைத்தது. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் தேடினார், காணவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நாலு தாளில் தெளித்தார். டம்ளரை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இங்க வா. ஒழுகுது.”

அவள் வந்தாள். குனிந்தாள். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நீங்க ஊத்தியிருக்கறது நீலத் தண்ணிதானே?”

“ஆமா.”

“இது ஏன் வெள்ளையா இருக்கு?”

மில்லிமீட்டர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சொல்வதற்கு ஒரு பொய்கூட அளவாக வரவில்லை.

“ஸ்பேனரைத் தேடாதீங்க, அது என்கிட்ட இருக்கு” என்றாள் அவள், கோபமே இல்லாமல். “ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு ரப்பர் வளையம் இருக்கு. அதைக் கையால திருகினாலே போதும். நீங்க ஸ்பேனர் போட்டு முறுக்கி நசுக்கி வச்சிருந்தீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பதினாலையும் கழட்டி, இணைப்போட கூட வந்திருந்த புது வளையமா மாத்தினேன், தாளையும் மாத்தினேன். பெட்டியைச் சாய்ச்சுப் பிடிச்சுக் காத்தை வெளிய எடுத்தேன். அதான் கொடகொடங்கல.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“கிட்னி போனவங்க ரத்தத்தைக் குழாய்ல வெளிய எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ள அனுப்பற மிஷின்லதான் நான் வேலை பார்க்கறேன். தினம் ஆறு பேர். அங்க ஒரு சொட்டு ஒழுகக்கூடாது, ஒரு குமிழி போகக்கூடாது. நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?”

அவருக்கு அன்றைய அதிர்ச்சிகளிலேயே இதுதான் பலமாக விழுந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு கணக்கு இடித்தது.

“ஒழுகவிட்டிருந்தா பந்தயத்துல நீதானே ஜெயிச்சிருப்பே?”

“ஜெயிச்சா எங்கம்மாவுக்கு இந்த எலி வளைதானே கிடைக்கும்? தோத்ததால பெட்ரூம் கிடைச்சுது.” தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். “பயப்படாதீங்க, நான் பேச்சு மாற மாட்டேன். என்னைக்கு இது நீலமா ஒழுகுதோ அன்னைக்கு நீங்க பழையபடி உங்க மெத்தைக்கு வந்துடலாம். ஆனா நீங்களா கையை வச்சா எனக்குத் தெரிஞ்சுடும்.”

ஆறு மணிக்கு மாமியார் வந்து இறங்கினார். நேராகச் சின்ன அறைக்கு வந்து, நீலமாக ஓடும் தண்ணீரையும் கட்டிலையும் பார்த்து மலைத்துப் போனார்.

“எனக்காக உங்க மெத்தையையே விட்டுக்கொடுத்துட்டீங்களாமே மாப்பிள்ளை. இந்தக் காலத்துல யாருக்கு இப்படி மனசு வரும்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை” என்றார் மில்லிமீட்டர். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. தினமும் காலையில், வெந்த காலைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகப் பதினாலு தாளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பாழாய்ப்போன பெட்டி ஒரு சொட்டுக்கூட ஒழுகமாட்டேன் என்கிறது.