எட்டு நடைபாதையில் காய்ந்த நெல்

திருவையாறு வட்டம்,
ஐப்பசி 6

அன்புள்ள வைத்தி அண்ணனுக்கு,

தங்கை மாலதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். நெல் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. நீங்களும் அண்ணியும் சென்னையில் மழையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குடும்பக் குழு முழுக்கப் படிக்கும் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நம் களத்தை ஊராட்சிக்குக் கொடுத்துப் பூங்கா ஆக்கினீர்கள் அல்லவா? பூங்காக் குழுவுக்கு நீங்கள் தலைவர், நான் செயலாளர். எட்டு வடிவத்தில் சிமெண்ட் நடைபாதை, ஊஞ்சல், இழுத்தால் கிறீச்சிடும் உடற்பயிற்சிச் சாமான்கள், எல்லாம் வந்தன. நடக்கத்தான் யாரும் வரவில்லை. நாள் முழுக்க வயலில் நடந்தவர்கள் சாயங்காலம் எதற்கு எட்டுப் போட வேண்டும் என்று எனக்கும் முன்பே தோன்றவில்லை. நீங்களோ வாராவாரம் "யாராவது நடக்கிற போட்டோ அனுப்பு" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

குறுவை அறுப்பு தொடங்கியதும் ஆட்கள் வந்தார்கள், மூட்டையோடு. முன்பு களத்தில் காயப்போட்டவர்கள் இப்போது நடைபாதையில் காயப்போட்டார்கள். நான் "பூங்காவில் நெல் காயப்போடுவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது" என்று என் கையாலேயே பலகை எழுதி, 'கண்டிப்பாக' என்பதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். மறுநாள் போனால் மேலத்தெரு ராஜாத்தி எட்டு முழுக்க நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள். நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறாள். போர்டைப் படிக்கவில்லையா என்றேன்.

"படிச்சேன் செகரெட்டரிம்மா. நடக்குறதுக்குத்தானே பார்க்கு? நானும் விடிஞ்சதுலேருந்து நடந்துகிட்டுத்தான் இருக்கேன். கால்ல நெல்லு பட்டா அதுக்கு நான் என்ன பண்ண?"

சிரிப்பு வந்தது, அண்ணா. அதை அடக்கிக்கொண்டு, ஊராட்சியில் புகார் கொடுக்கச் சாட்சியாக ஒரு போட்டோ எடுத்தேன். பாதி காய்ந்த நெல்லை அப்போதே அள்ளச் சொன்னேன். நாலு பேர் பார்க்க நின்று அள்ள வைத்தேன். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அவள் மூட்டைகளுக்குள் நெல் முளைவிட்டுவிட்டது. எனக்குத் தெரியும், தெரியாதவள்போல் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அந்தப் போட்டோவைத்தான் முழங்காலுக்குக் கீழே வெட்டி உங்களுக்கு அனுப்பினேன். "இந்த அம்மாவுக்கு என்ன ஆர்வம்!" என்று பாராட்டி, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருப்பதாக அண்ணி சொன்னார்.

இனிதான் நான் எழுதக் கூசுவது. போன வாரம் நம் வயலை மெஷின் அறுத்தது. கொள்முதல் நிலையத்தில் குத்திப் பார்த்து ஈரம் இருபத்திரண்டு சதவீதம், பதினேழுக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். மொட்டை மாடி போதவில்லை, ரோட்டில் பிறத்தியார் நெல். விடிகாலையில் செயலாளர் என்ற முறையில் பூங்காவைத் திறந்து, பலகையின் மேல் என் பழைய புடவையைப் போர்த்திவிட்டு, எட்டில் கொட்டினேன். ஒரு பக்கம் கொட்டுகிறேன், மறு பக்கம் யாரோ என் நெல்லைக் காலால் கிளறும் சத்தம். ராஜாத்தி.

"சீலைய எடுத்துருங்கம்மா, நனைஞ்சிரும். எழுத்துத்தான் எங்களுக்கு மனப்பாடமாச்சே."

பதினோரு மணிக்கு மேற்கே கறுத்தது. அவள்தான் தெருவையே கூப்பிட்டு, தன் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து மூடினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அந்த முனைய பிடிங்கம்மா, காத்து தூக்குது," என்றாள். பிடித்தேன். அதோடு பேச்சு முடிந்தது.

நாம் களத்தைக் கொடுத்தோம் என்று பெருமைப்பட்டோம், அண்ணா. அது யார் யாருக்கெல்லாம் களமாக இருந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். இதையே என் ராஜினாமாக் கடிதமாக ஏற்று, தகுதியான வேறொருவரைச் செயலாளராகப் போடுங்கள். உங்கள் மாப்பிள்ளை நெல்லை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணிக்கு என் அன்பு. மூட்டுவலித் தைலம் தனியே அனுப்புகிறேன்.

உங்கள் முகத்தில் விழிக்கத் தயங்கும்,
மாலதி

பின்குறிப்பு: ஈரம் இன்னும் பத்தொன்பது என்றார்களாம், நெல் திரும்பி வந்துவிட்டது. மேலே உள்ள ராஜினாமாவை ஏற்கவேண்டாம், கேட் சாவி செயலாளரிடம்தான் இருக்கும். நாளை எட்டில் மேல் வளையம் ராஜாத்தியின் மீதி நெல்லுக்கு, கீழ் வளையம் எனக்கு. பலகையைக் கழற்றியாயிற்று, தார்ப்பாய் பறக்காமலிருக்க மேலே வைக்க வாகாக இருக்கிறது. போட்டோ கதையையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "ஏம்மா, கால வெட்டிட்டா நான் நடக்குறேன்னு அனுப்புனீங்க? முழுசா அனுப்புங்க" என்றாள். முழுப் போட்டோ இத்துடன் இருக்கிறது. அதே ஃபிரேமில் மாட்டுங்கள்.