பூட்ஸுக்குள் நழுவும் குதிகால் பற்றி மச்சானுக்கு எழுதியது

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் தங்கை சௌக்கியம். உங்கள் மருமகளும் சௌக்கியம். சொல்லப்போனால் தேவைக்கு மேல் சௌக்கியம், அதுதான் வினையே. ஆடிப்போயிருப்பவன் நான் ஒருவன்தான்.

விஷயம் இதுதான். என் மகள் பனிமலை ஏறப் போகிறாளாம். பல் டாக்டர் வேலை, நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்துகொண்டிருக்கிறாள், ஒரு நாளாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றாள். நிமிர்ந்து பார்க்க மொட்டை மாடி போதாதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு மலையேற்றப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்து, இது அறுந்து விழாது என்று கையெழுத்துப் போடுகிறவன். அப்படிப் போட்டுவிட்டு நானே படியில் இறங்கி வருகிறவன். இரும்புக் கம்பியாலான கயிறே பிரிந்து தொங்குவதைக் கண்ணால் கண்டவனிடம் வந்து, சுண்டுவிரல் பருமனுள்ள நூல் கயிற்றைக் காட்டி, “இதுதாம்பா என்னைப் பிடிச்சிக்கப் போவுது” என்றால் எனக்கு எப்படியிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கயிறுகூடப் பரவாயில்லை, பிறகு பூட்ஸ் வந்தது. அதைப் பூட்ஸ் என்று சொல்ல வாய் வரவில்லை, சிமென்டில் வார்த்த மாதிரி இருக்கிறது. அடிப்பகுதி கொஞ்சமும் மடங்காது, மடங்கவும் கூடாதாம். மடங்கினால் பனியில் குத்தி நிற்பதற்காக அடியில் மாட்டும் இரும்புப் பற்கள் கழன்றுகொள்ளுமாம். கழன்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, எங்கள் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பழக ஆரம்பித்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்து, “சார், வீட்ல ஏதாவது இடிக்கிறீங்களா?” என்றார். என் வாழ்க்கையைத்தான் இடிக்கிறார்கள் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

அப்படி ஏறிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் படியில் தடுமாறிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பூட்ஸைக் கழற்றினால் காலுறையின் குதிகால் பக்கம் சிவப்பு. ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் கீழேயே இருக்க, உள்ளே குதிகால் மட்டும் மேலே எழும்பி எழும்பி உரசியிருக்கிறது. பார்த்ததும் பதறிப்போனேன் மச்சான். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பதற்றத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பூட்ஸ் சேரவில்லை என்றால் பயணம் இல்லை, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

எனக்கு எதிரியாக வந்து சேர்ந்தது இன்சோல். பூட்ஸுக்குள்ளே பாதத்தின் கீழே போடுகிற அட்டைதான். அவரவர் பாதத்தை அச்செடுத்து, அந்த வளைவுக்கு ஏற்றாற்போல் செய்து போட்டால் குதிகால் நழுவாது என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லிவிட்டார். பூட்ஸ் கடைக்காரர் அதெல்லாம் வேண்டாம், தடிமனான காலுறை போதும் என்றார். இணையத்தில் தேடினேன். பாதிப் பேர் அது இல்லாமல் மலைப்பக்கமே போகாதே என்கிறார்கள், மீதிப் பேர் அது வெறும் ஏமாற்று என்கிறார்கள். நான் உடனே ஏமாற்றுக் கட்சியில் சேர்ந்துகொண்டேன். ஆனால் உங்கள் தங்கை என்னையே துணைக்கு அனுப்பி வைத்தாள், பாத மருத்துவரிடம்.

அந்த அம்மாள் என் மகளுடைய பாதங்களை நுரைப்பெட்டி ஒன்றில் அமுக்கி அச்செடுத்தார். மகள் கால் கழுவப் போன நேரம் பார்த்து நான் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

“டாக்டர், இது மலையேறத் தோதுப்படாத பாதம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “உங்க பொண்ணு பாதம் அருமையா இருக்கு சார். உங்க முகந்தான் நல்லால்ல. தண்ணி குடிக்கிறீங்களா?”

குடித்தேன். வேறென்ன செய்ய?

இன்சோல் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நானே என் கையால் பூட்ஸுக்குள் வைத்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு படியேறினாள். குதிகால் அசையவில்லை. ஆனால் விரல்கள் மேலே போய் முட்டின, பாதமே மரத்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, குரலை முடிந்தவரை வருத்தமாக வைத்துக்கொண்டு, “விட்டுடும்மா, உனக்கும் மலைக்கும் ஒத்துவரல” என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “அப்பா, பூட்ஸ் சேர்ந்தாலும் போவேன், சேரலன்னாலும் போவேன். சேர்ந்தா நல்லாப் போவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவள் போவதா இல்லையா என்பது இந்த பூட்ஸின் கையில் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் எப்படித் திரும்பி வருவாள் என்பதுதான் அதன் கையில் இருந்தது. அங்கேயே நின்று பாத மருத்துவருக்குப் போன் போட்டேன். பனியில் இப்படி மரத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பூசி மெழுகவில்லை. “ரத்தம் ஓடாது சார். குளிர்ல அப்படியே விட்டா விரல் கறுத்துடும். அப்புறம் எடுக்கத்தான் வேண்டியிருக்கும்.” அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பிறந்தபோது அந்த விரல்களை முதலில் எண்ணிப் பார்த்தவன் நான்தானே மச்சான்.

அன்றே கட்சி மாறினேன். பூட்ஸையும் மகளையும் கூட்டிக்கொண்டு நானே மருத்துவரிடம் ஓடினேன். “எப்படியாவது சேர வெச்சிடுங்க டாக்டர்” என்று நான் கெஞ்சியதைக் கேட்டு அவரே மிரண்டுபோனார். பூட்ஸுக்குள் கையை விட்டவர் நின்றார். உள்ளேயிருந்து என் மகளின் இன்சோலை எடுத்தார். பிறகு அதற்கு அடியிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார், கம்பெனியே போட்டு அனுப்பியது. “யாரு வெச்சது இதை? ஒரு மெத்தை மேல இன்னொரு மெத்தை போட்டுப் படுத்தா மூக்கு கூரையில இடிக்காதா?” அவரும் மகளும் என்னைப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே செய்த சதி என்று உங்கள் தங்கை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சத்தியமாக இல்லை. அடியில் ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கிருந்தால் அவள் பெயர் கொடுக்கப் போன அன்றே ஏதாவது செய்திருக்க மாட்டேனா?

பழையதை எடுத்தபின் விரல்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் சுண்டுவிரல் ஓரம் இன்னும் நெருக்கியது. அதற்கு இன்சோலால் ஒன்றும் செய்ய முடியாதாம். “காலுக்கு அடியில இருக்கிற காலி இடத்தைத்தான் இது நிரப்பும் சார். பூட்ஸ் குறுகலா இருந்தா அதை பூட்ஸ்காரங்கதான் பாக்கணும்” என்றார். கடைக்குப் போனோம். வேண்டாம் என்று முதலில் சொன்ன அதே கடைக்காரர் அந்த இடத்தைச் சூடாக்கி, நெம்பி விரித்துக் கொடுத்தார். அவர் நெம்ப நெம்ப நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டேயிருந்ததில் கடுப்பாகி என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார்.

பிறகுதான் கல்குவாரி. பழைய குவாரி ஒன்றில் பாறை ஏறப் பயிற்சி, நீங்களும் வாங்கப்பா என்றாள். போயிருக்கக் கூடாது. செங்குத்தாக வெட்டிய சுவர் மச்சான், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதில் என் மகள் மேலே, நான் கீழே. கட்டை விரலளவு துருத்திய ஒரு கல்லில் பூட்ஸின் நுனியை வைத்து, மொத்த உடம்பையும் அதன்மேல் தூக்கி நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை, கயிற்றைப் பார்க்க அதைவிடத் துணிவில்லை, அதனால் பூட்ஸின் குதிகால் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகிறதா, அசைகிறதா என்று. அந்தக் கல் பெயர்ந்தது. ‘டொக்’ என்று ஒரு சத்தம், சிதறல் என் காலடியில் வந்து விழுந்தது. நான் கத்தியதாகச் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை. அவள் ஒரு கால் அந்தரத்தில், மற்றக் கால் இன்னொரு விளிம்பின் நுனியில், அப்படியே ஆணியடித்த மாதிரி நின்றாள். பூட்ஸ் ஒரு நூல்கூட அசையவில்லை. மெதுவாகக் காலை மாற்றி வைத்து ஏறிப் போய்விட்டாள். நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறங்கி வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காட்டினாள். காலுறை வெள்ளையாக இருந்தது.

“பாருங்கப்பா, ஒண்ணுமே இல்ல.”

பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நான் அழுதுவிட்டேன் மச்சான். சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. போகாதே என்று சொல்ல இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

ஆகையால் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். அவள் சின்ன வயதிலிருந்து உங்கள் சொல்லைத்தான் தட்டமாட்டாள். நீங்கள் நிதானமானவர், யோசித்துப் பேசுகிறவர், என்னைப் போல் பதறுகிறவர் அல்ல. உடனே கிளம்பி வந்து, மாமா என்ற உரிமையில் ஒரு அதட்டல் போட்டு இந்தப் பைத்தியக்காரத்தனத்தை நிறுத்துங்கள். உங்களைத்தான் மலை போல் நம்பியிருக்கிறேன். (மன்னிக்கவும், வேறு சொல் அகப்படவில்லை.)

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் தரையில் கால் ஊன்றி நீடூழி வாழ வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் எட்டிப் பார்த்து, யாருக்கு என்றாள். உன் மாமாவுக்கு என்றேன். சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. “ஐயோ அப்பா, மலையில ஒரே கயித்துல எனக்கு அடுத்துக் கட்டிக்கிட்டு வர்றதே மாமாதானே! உங்ககிட்ட சொல்ல அவருக்கு பயம்.” உங்கள் தங்கைக்கும் முதலிலிருந்தே தெரியுமாம். ஆகவே மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. உங்களைப் பற்றிச் சொன்ன நிதானம் முதலியவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கூடிய சீக்கிரத்தில் உங்கள் பூட்ஸை எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேருங்கள். பாத மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். உள்ளே கம்பெனி போட்ட அட்டையை எடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் கால் வழுக்கினால் கயிற்றின் அந்தப் பக்கம் கட்டியிருப்பது என் மகள்.