நூலகர் வாங்கிய கன்ட்ரோலர்

"இந்த ஒரு விஷயத்துல மட்டும் யார் பேச்சையும் கேக்கறதா இல்லை!" என்று நூலகர் சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. துடைக்கத் துணியையும் அவரேதான் எடுத்துவந்தார். ஆனாலும் தலை நிமிர்ந்தே துடைத்தார்.

பகலெல்லாம் நூலகத்தில் மற்றவர்களைப் பார்த்து "சத்தம் போடாதீங்க" என்று சொல்கிறவர் அவர். மாலையில் வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் கேட்டுக்கொள்கிறவர். ஜன்னல் எப்போது திறக்கணும் என்பது முதல் அவருக்கு எப்போது குளிர்கிறது என்பது வரை மனைவியின் முடிவுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கினார். பின் சீட்டுகளைக் கழற்றி எறிந்தார். கட்டில், புத்தக அலமாரி, விளக்கு, சின்ன ஃபேன் எல்லாம் பொருத்தினார். வீட்டுக்குள் அவள் ஆட்சி. வேனுக்குள் இவர் ஆட்சி. விடுமுறை வந்ததும் தன்னந்தனியாக ஏரிக்கரைக்குப் போய், காலை நீட்டிப் படுத்துப் படிப்பது என்று சபதமே எடுத்திருந்தார்.

கூரையில் சோலார் பேனல் ஏறிவிட்டது. கட்டிலுக்கடியில் பேட்டரி உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டிய சார்ஜ் கன்ட்ரோலர்தான் பாக்கி.

மனைவி கூடத்து மூலையில் தையல் மிஷினில் இருந்தாள். வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியேற அலுத்துக்கொண்டு வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழ்த்தெருத் தையல் கடைக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கவலை அவளுக்கு.

"ஏங்க, அந்தக் கன்ட்ரோலர் என்னதான் பண்ணும்?"

"பேனல்லேர்ந்து வர்ற கரண்டை பேட்டரிக்கு அளவா கொடுக்கும். போதும்னா நிறுத்திடும். ராத்திரியில கரண்ட் திரும்பி வெளியே ஓடாம மறிக்கும்."

"அளவா கொடுக்கறது, போதும்னா நிறுத்தறது, ராத்திரி வெளியே ஓடாம மறிக்கறது. இதைத்தானே நான் இத்தனை வருஷமா பண்றேன்? அதுக்கு எதுக்கு ஒரு பொட்டி?"

"பாத்தியா, பாத்தியா! இந்த நக்கலுக்குத்தான் நான் ஏரிக்குப் போறேன்!"

"போங்க. ஆனா சின்னதா ஒண்ணு வாங்குங்க. இருக்கறது ஒரு பேனல். பெரிசெல்லாம் வேண்டவே வேண்டாம்."

"பெரிசுதான் வாங்குவேன்!"

"சொன்னா கேளுங்க."

"கேக்க மாட்டேன்!"

"சரி, உங்க இஷ்டம்" என்றாள், ஊசியில் நூலைக் கோத்தபடி.

அந்த 'உங்க இஷ்டம்' மாடிப்படியில் அவர் காலைப் பிடித்து இழுத்தது. கல்யாணமான நாளிலிருந்து காதில் விழாத சொல்லாயிற்றே! சோபா வாங்கிய கதை ஞாபகம் வந்தது. நீலம் வேண்டாம் என்றாள். அடம்பிடித்து நீலமே வாங்கிவந்தார். வந்து பார்த்தால் அதற்குப் பொருத்தமான நீல உறைகள் முன்கூட்டியே தைத்து, மடித்து, அலமாரியில் தயாராக இருந்தன.

'அடிப்பாவி! அப்போ அவளுக்கு வேண்டியது பெரிசு. நான் சின்னதுதான் வாங்குவேன்!'

கடை வாசலை மிதிக்கும்போது இன்னொரு சந்தேகம் முளைத்தது. 'நான் இப்படி யோசிப்பேன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொல்லியிருந்தா?'

பேட்டரிக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். "இது பி.டபிள்யூ.எம்., இது எம்.பி.பி.டி."

"என்னங்க இது, கட்சிப் பேர் மாதிரி இருக்கு?"

"கிட்டத்தட்ட அதேதான் சார். இது சின்னக் கட்சி. செலவு கம்மி, பேனல் கொடுக்கறதுல கொஞ்சம் கோட்டை விட்டுடும். இது பெரிய கட்சி. மேகம் போட்டாலும் கிடைக்கிறதைச் சுருட்டிப் பேட்டரிக்குள்ள போட்டுடும்."

"சின்னதைக் கொடுங்க."

"இந்தாங்க."

"இருங்க, பெரிசு."

"இந்தாங்க."

"கொஞ்சம் பொறுங்க!"

நூலகர் முக்காலியில் உட்கார்ந்தார். பெரிசு வாங்கினாலும் அவள் ஜெயிப்பாள், சின்னது வாங்கினாலும் அவள் ஜெயிப்பாள் என்று பட்டது. மேலே சுழன்ற ஃபேனோடு தலையும் சுழன்றது. சட்டென்று துள்ளி எழுந்தார். வழி கிடைத்துவிட்டது!

"அவ சொன்னதும் வேண்டாம், நான் நெனச்சதும் வேண்டாம். நீங்களே ஒண்ணு எடுத்துக் கொடுங்க. இப்போ பாக்கறேன் யார் ஜெயிக்கறாங்கன்னு!"

கடைக்காரர் யோசிக்கவேயில்லை. பெரிசை எடுத்து நீட்டினார்.

சாயங்காலமே வேனில் மாட்டினார். பேட்டரி வயரை முதலில் முடுக்கி, அப்புறம் பேனல் வயரை முடுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. தெருவில் இறங்கி நின்று, நாலாவது மாடி பால்கனியை அண்ணாந்து பார்த்து முழங்கினார்:

"உன் பேச்சையும் கேக்கலை! என் பேச்சையும் கேக்கலை! நான் சுதந்திர மனுஷன்!"

"தெருவுல சத்தம் போடாதீங்க" என்று பதில் வந்தது.

மறுநாள் காலை கீழே இறங்கியவர் திகைத்து நின்றார். வேன் கூரைமேல் பேட்டரிக் கடைக்காரர் குந்தியிருந்தார். இரண்டாவது பேனலைப் பொருத்திக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் மடக்கிச் சுவரோடு சாத்தப்பட்டிருந்தது. புத்தக அலமாரியில் துணிச் சுருள்கள். நடுவே தையல் மிஷின், அதன் முன்னால் மனைவி. லேப்டாப்புக்காக அவர் வாங்கிவைத்த இன்வெர்ட்டரில் மிஷினின் பிளக்.

"யோவ்! யாரைக் கேட்டு ரெண்டாவது பேனல்?"

"வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க சார். சின்னக் கன்ட்ரோலர்னா ரெண்டு பேனலைத் தாங்காது. அதான் பெரிசு."

"அதை எடுத்துக் கொடுத்தது நீங்களாச்சே! அவ எப்படி…"

"அதுவும் அவங்க சொன்னதுதான். 'பெரிசுன்னு கிளம்புவாரு, வழியில சின்னதுன்னு மாறுவாரு, கடைசியில உங்க தலையில கட்டுவாரு. அப்போ யோசிக்காம பெரிசைக் கொடுத்துடுங்க'ன்னாங்க."

நூலகருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. மனைவி வேனுக்குள்ளிருந்தே கொஞ்சம் இறங்கிவந்த குரலில் சொன்னாள்: "படியேறி யாரும் வர்றதில்லைங்க. அதான் நாமளே அவங்க வாசலுக்குப் போயிடலாம்னு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் கோபம்.

"அதெல்லாம் முடியாது! இது என் வண்டி! சாவி என்கிட்ட இருக்கு! ஒரு அடி நகராது!"

"நீங்க சிரமப்பட வேண்டாம். தம்பி வர்றேன்னிருக்கான். மாத்துச் சாவி அவன்கிட்ட இருக்கு."

"யாரு, உன் தம்பியா? அவன் கியர் போட்டா வண்டி கதறி அழும்! என் வண்டியில அவன் கை பட்டுச்சு, நடக்கறதே வேற! நகருங்க எல்லாரும்!"

கடைக்காரர் குதித்து இறங்கினார். நூலகர் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவை அறைந்தார். சாவியைத் திருகினார். தெருமுனையில் இரண்டு வழி: வலப்பக்கம் ஏறினால் மேட்டுக் குடியிருப்பு, அவளுடைய வாடிக்கைக்காரர்கள். இடப்பக்கம் ஏரி. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். மிஷினோடு, துணியோடு, அவளோடு ஏரிக்கரைக்கே கொண்டுபோய் நிறுத்துவேன். அங்கே யாருக்குத் தைக்கிறாள் பார்க்கலாம்! வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் நினைத்த பக்கம் திரும்பிய சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

பின்னாலிருந்து மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கூடவே குரலும்:

"ஏரிப் பக்கமே போங்க, அங்கதான் முதல்ல வர்றதா சொல்லிவெச்சிருக்கேன். ஆனா மெதுவா போங்க, தையல் கோணுது."