மூத்த மாப்பிள்ளையும் முகவரியின் வாலும்

இந்த வருடம் சங்கராந்திக்கு அமலாபுரம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். பூமி பிளந்தாலும் போவதில்லை. மாமனாரே பல்லக்கு அனுப்பினாலும் போவதில்லை.

காரணம் பிரணீத். என் மனைவி சுவர்சலாவின் தங்கைக்குப் புதிதாக வாய்த்த கணவன். எங்கள் கோதாவரிப் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு முதல் சங்கராந்தி என்றால் அது விருந்தல்ல, பட்டாபிஷேகம். மாமனார் வீட்டில் வெள்ளித் தட்டு ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து பூதரேகுலு, காஜா என்ற இனிப்புகள் அதில்தான் எனக்குப் பரிமாறப்பட்டு வந்தன. இனி அது கைமாறும். பழையவனுக்கு என்ன வேலை? ஊரில் எத்தனையோ பழைய மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பந்தி முடியும்வரை கொல்லையில் வாழை இலை அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

லீவு கிடைக்கவில்லை என்றேன். சுவர்சலா என் மேலதிகாரியின் மனைவிக்கு போன் போட்டு, பேச்சோடு பேச்சாக லீவு வாங்கிவிட்டாள். முதுகுவலி என்றேன். தைலத்தோடு வந்தாள். அப்புறம் நிஜமாகவே நிமிர முடியவில்லை. வலியால் அல்ல, அவள் தேய்த்த தேய்ப்பால்.

மிச்சமிருந்த ஆயுதம் என் உத்தியோகம்தான். பஸ் டிக்கெட் விற்கும் இணையதளக் கம்பெனியில் வேலை எனக்கு. அன்று காலை பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசைக்குக் காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"குக்கி வேணாங்கறவங்களுக்கும் எங்க தளம் வேலை செய்யுது தெரியுமா? எல்லாம் ஐயா கைவண்ணம்."

"ஏன் வேணாமாம்? சர்க்கரை வியாதியா?"

"அட, அது திங்கற சமாச்சாரம் இல்லடி. எங்க சர்வர், அதான் கம்பெனியோட பெரிய கம்ப்யூட்டர், இருக்கே, அதுக்கு ஞாபகமே நிக்காது. ஒரு பக்கத்தைக் காட்டின கையோட ஆளையே மறந்துடும்."

"கொத்தமல்லி வாங்கப் போன இடத்துல நீங்க மறக்கற மாதிரி."

"கேளேன். அதனால வர்றவங்க கம்ப்யூட்டர்ல ஒரு அடையாளச் சீட்டை ஒட்டி அனுப்பும். அதுதான் குக்கி. மறுபடி வரும்போது சீட்டைப் பார்த்து, ஓ, இவரான்னு தெரிஞ்சுக்கும். சில பேரு சீட்டை ஒட்டவே விடமாட்டாங்க. என்னை மாதிரி."

"நீங்க ஏன் விடமாட்டீங்க?"

நான் சட்னிக் கிண்ணத்தைத் தேடினேன். போன வருடம் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது எங்கள் தளம், "வருக சேஷகிரி காரு! உங்கள் கோவா டிக்கெட் காத்திருக்கிறது" என்று என் பெயரோடு 'காரு' மரியாதையும் சேர்த்து வாயெல்லாம் பல்லாக வரவேற்றது. கோவா விஷயத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றோடு கோவாவும் ரத்து, அந்தப் பணம் தளத்தில் என் கணக்கிலேயே தங்கிவிட்டது, வீட்டில் குக்கிக்கும் தடை.

"சரி, சீட்டு ஒட்ட விடாதவங்களை எப்படித்தான் அடையாளம் கண்டுபிடிப்பீங்க?"

"அவங்க திறக்கற ஒவ்வொரு பக்கத்தோட முகவரிக்கும் பின்னால நீளமா ஒரு எண்ணை ஒட்டிடுவோம். வால் மாதிரி. அந்த வாலோட வந்தா, சர்வருக்கு அது அந்த ஆளேதான்."

"வேற யாராவது அந்த வாலோட வந்தா?"

"தன் வாலைத் தானே பிடுங்கி அடுத்தவங்க கையில குடுக்கற குரங்கு எங்கயாவது உண்டா?"

"தெரியலையே," என்று பெசரட்டைத் திருப்பிப் போட்டாள்.

சாப்பிட்ட கையோடு அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பண்டிகைக் கூட்டம். அமலாபுரம் போகிற பஸ் எல்லாமே நிரம்பி, ஒன்றில் மட்டும் மூன்று இருக்கை மிச்சம். இரண்டைத் தொட்டேன். தொட்ட இருக்கையைப் பணம் கட்டும்வரை கொஞ்ச நேரம் நமக்கென்று பிடித்துவைக்கும். மற்றவர்களுக்கு அது நிரம்பியதாகத் தெரியும். சுவர்சலாவின் போன் தனி. சர்வருக்கு அவள் யாரோ ஒருத்தி. அவள் கண்ணுக்கு ஒரே ஓர் இருக்கைதான் தெரியும். அவள் போவாள். நான் இங்கே குக்கட்பள்ளி வீட்டில் கால்மேல் கால் போட்டுக் கிரிக்கெட் பார்ப்பேன்.

"சுவர்சலா! ஐயோ, ஒரே சீட்டுதான் இருக்கு!" என்று அலறினேன். குரலில் கொஞ்சம் கண்ணீரும் கலந்தேன்.

"நிஜமாவா? அந்த லிங்க்கை எனக்கு அனுப்புங்க, நானும் பார்க்கறேன்," என்றாள் சமையலறையிலிருந்து.

இதற்குத்தானே காத்திருந்தேன்! திரையின் மேலே இருந்த முகவரியை அப்படியே எடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். விசில் கூட அடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் போன் சிணுங்கியது. டிக்கெட் உறுதி. பயணிகள்: சுவர்சலா, சேஷகிரி, பிரணீத்.

விசில் பாதியில் நின்றது. ஓடினேன்.

"என்னடி இது? எப்படி மூணு சீட்டு?"

"லிங்க்கைத் தொட்டேன். 'வருக சேஷகிரி காரு, உங்களுக்காக இரண்டு இருக்கை பிடித்து வைத்திருக்கிறோம்'னுச்சு. அது என்னை நீங்கன்னு நினைச்சுக்கிச்சு. பெரிய மனுஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுது, நான் ஏன் இல்லேன்னு சொல்லணும்? மிச்சம் இருந்த ஒண்ணையும் சேர்த்து எடுத்துட்டேன். உங்க கோவா பணம் வேற உள்ளேயே சும்மாக் கிடந்துச்சு."

வால்! என் பிரௌசர் குக்கி வேண்டாமென்று சொன்னதால் நானே ஒட்டிய வால்! அதையும் சேர்த்தே அனுப்பித் தொலைத்திருக்கிறேன்.

"அந்தக் குரங்கை நான் பார்த்துட்டேங்க," என்றாள், தோசைக் கரண்டியால் என்னைச் சுட்டி.

"சரி, நான் குரங்கு. இந்தப் பிரணீத் எங்கேருந்து முளைச்சான்?"

"பாவங்க அந்தப் பிள்ளை. தங்கச்சி ஹைமா முன்னாடியே ஊருக்குப் போயிட்டா. இங்க கச்சிபௌலியில தனியா மாட்டிக்கிட்டு, எங்க தேடியும் டிக்கெட் கிடைக்கலை. இந்த வருஷம் வரவே முடியாதுன்னு நேத்துதான் அப்பாகிட்ட அழுதிருக்கான்."

"வர முடியாதுன்னா... வெள்ளித் தட்டு?"

"அப்பா புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிருந்தாராம். சின்னவர் வரலேன்னா என்ன, வழக்கம்போலப் பெரியவரையே உட்கார வெச்சுடுவோம்னு. நல்லவேளை, நீங்க சீட்டுப் பிடிச்சு வெச்சீங்க."

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பட்டாபிஷேகம் எனக்கே நடந்திருக்கும். என் கையாலேயே என் எதிரிக்குச் சீட்டுப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். என் கோவா பணத்தில்.

அவளோ அதற்குள் அமலாபுரத்துக்கு போன் போட்டுவிட்டாள். "அப்பா, பிரணீத் வர்றான்! எல்லாம் உங்க பெரிய மாப்பிள்ளை புண்ணியம்!"

மாமனாரின் சந்தோஷக் கூச்சல் போனைத் தாண்டி அடுப்படி முழுக்கக் கேட்டது. "அப்போ பெரியவர் கை சும்மாத்தானே இருக்கும்? அப்பாடா! வாழை இலை அறுக்க ஆளில்லாம தவிச்சுக்கிட்டிருந்தேன்."