நூற்று முப்பத்தாறு வருடம் ஓடவிருந்த மோட்டார்

சி என்ற கணினி மொழி தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். (வேறு யாரும் நம்பவில்லை என்பது தனிக்கதை.)

கவிதாவும் நானும் ஒரே அலுவலகம். கல்யாணப் பேச்சை எடுக்குமுன் அவள் அப்பாவை அசத்திவிட நினைத்து, சுருளிப்பட்டியில் அவருடைய திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்துகொண்டு போனேன். எத்தனை நிமிடம் என்று போனில் சொன்னால் போதும். ஓட வேண்டிய நேரத்தில் ஓடிய நேரத்தைக் கழித்து, மீதி பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் நிறுத்திவிடும். தானாக நிற்கிற மோட்டாருக்குச் சிவப்புப் பொத்தான் எதற்கு என்று ஸ்டார்ட்டரிலிருந்து அதையும் கழற்றிவிட்டேன்.

இருபது நிமிடம் வைத்தோம். பதினைந்து நிமிடம் ஓடியிருக்கும், தூறல் போட்டது. பழம் வெட்டும் பருவத்தில் நின்றது. தண்ணீர் மிஞ்சினால் வெடித்துவிடும்.

"மொத்தமே பத்து நிமிசம் போதும், கொறச்சிருங்க தம்பி," என்றார் அவள் அப்பா.

இருபதைப் பத்தாக்கிவிட்டு, இனி தானாக நின்றுவிடும் என்று சாப்பிட உட்கார்ந்தேன்.

"மோட்டார் சத்தம் கேக்குதே?"

"அது பக்கத்துத் தோட்டம் மாமா." (மாமா என்று கூப்பிட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.)

இரண்டாம் முறை கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டபோது கவிதாவின் அம்மா ஓடிவந்தார். "ஏங்க, பந்தலுக்கு அடியில கெண்டக்கால் தண்ணி நிக்கிது!"

கவிதா என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். 'மீதி வினாடி' என்ற இடத்தில் பத்து இலக்க எண்.

"வினாடிக்கு என்ன டைப் போட்ட?"

"size_t."

தலையில் அடித்துக்கொண்டாள். நிரல் நூலகத்தில் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று போட்டது. கழித்தல் குறியே இல்லாத எண் வகை, அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே எண்ணே கிடையாது. பத்தில் பதினைந்தைக் கழிக்கச் சொன்னதும், சுற்றிக்கொண்டு போய் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்துவிட்டது.

"எப்ப ஆத்தா நிக்கும்?" என்றார் அவள் அப்பா.

கவிதா வகுத்துப் பார்த்தாள். "நூத்தி முப்பத்தாறு வருசம் ஆகும்ப்பா."

அவர் போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கினார். கீழ் வரிசைப் பழம் வெடித்தது வெடித்ததுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்காமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். "கழட்டுன பொத்தான யாரு வந்து மாட்டுவாக?"

ஓடினேன். பொத்தானை மாட்டி முடித்தபோது கல்யாணப் பேச்சை அவரே எடுத்தார்.

இப்போதும் ஒவ்வொரு கல்யாண நாளிலும் கூப்பிட்டு மகளிடம் கேட்பார்: "ஆத்தா, இன்னும் எத்தன வருசம் மிச்சம்?"

கவிதா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "கொறையவே மாட்டேங்குதுப்பா!"