பூஜ்யத்துக்கு என்ன எடை?

வருகிற சனிக்கிழமை தேநீர்க் கோப்பையைவிடக் கனமான எதையும் தூக்குவதில்லை என்று நம்ம ஆள் உறுதி எடுத்துக்கொண்டார்.

காரணம் மச்சான். மனைவியின் தம்பி அன்றைக்குத்தான் வீடு மாறுகிறான். பழைய வீடு மூன்றாவது மாடி. புது வீடு நான்காவது மாடி. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. அவனிடம் இருப்பதோ ஓர் இரும்பு பீரோ, ஒரு வாஷிங் மெஷின், நாலு பேர் தள்ளினாலும் அசையாத ஒரு மேசை. "அத்தான் வந்தாப் போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்று போனில் சொல்லியிருந்தான். மீதிப் பாதியும் அத்தான் தலையில்தான் என்பதைச் சொல்லவில்லை.

நம்ம ஆள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணினிப் பொறியாளர். ஒரு புகைப்படத் தளத்துக்கு நிரல் எழுதுகிறார். திங்கட்கிழமை அதில் ஒரு கோளாறு கிளம்பியது. வியாழக்கிழமை மத்தியானமே சரிசெய்துவிட்டார். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. கோளாறு உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் இடுப்பு பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்துக் கடை வேலை முடிந்து அம்மணி வீட்டுக்குள் நுழைந்தபோது, நம்ம ஆள் துக்கம் விசாரிக்கப் போனவர் மாதிரி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இன்னும் முடியலையா?"

"எங்கம்மா முடியறது? தலைப்புல சிக்கல்."

"தலையிலயா?"

"தலைப்புலம்மா! படம் வேணும்னு பிரவுசர் ஒரு கோரிக்கை அனுப்பும். எனக்கு எந்தெந்த வகைப் படம் ஆகும்னு அதோட தலைப்புல எழுதியிருக்கும். அதைப் படிச்சுப் பாத்துக் கொடுக்கணும். சொன்னா உனக்கு விளங்காது."

அம்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விளங்காட்டி விட்டுடறேன். சொல்லுங்க."

அம்மணிக்குக் கொட்டாவி வருகிற வரைக்கும் பேசிவிடுவது என்று நம்ம ஆள் முடிவு செய்தார்.

"ஒவ்வொரு வகைக்குப் பக்கத்துலயும், அது எவ்வளவு பிடிக்கும்னு காட்ட ஒரு எடை இருக்கும். பூஜ்யத்துலேருந்து ஒண்ணு வரைக்கும். ஒரு வகைக்கு ஒண்ணு, இன்னொண்ணுக்குப் புள்ளி எட்டு, அப்புறம் ஒரு நட்சத்திரம் போட்டுப் புள்ளி அஞ்சு. நட்சத்திரம்னா, எதுவானாலும் பரவாயில்லைன்னு அர்த்தம்."

"எடை அதிகமா இருக்கறதைக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"அவ்வளவு லேசா இருந்தா என்னை எதுக்கு வச்சிருக்காங்க? சிலது எடையே எழுதாம வருமே, அதுக்கு என்ன சொல்றே?"

"இதுதான் வேணும்னு அடிச்சுக் கேக்கறவங்க எங்க புள்ளி வச்சு எழுதப்போறாங்க? முழுசா ஒண்ணுன்னு வச்சுக்கங்க."

நம்ம ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விதி அதேதான். சரி, பெரிய குண்டாகவே போடுவோம் என்று திங்கட்கிழமைக் கோளாறை எடுத்து வீசினார்.

"நட்சத்திரம் முன்னாடி நிக்குது. பேர் சொல்லிக் கேட்ட வகை பின்னாடி நிக்குது. ரெண்டும் ஒரே படத்துக்குப் பொருந்துது. எந்த எடையை எடுக்கறது?"

"எங்க கடைக்கு வர்ற சீட்டு மாதிரிதான். எந்தக் கம்பெனி மாத்திரையானாலும் சரின்னு மேல எழுதி, இந்தக் கம்பெனின்னா ரெண்டாம்பட்சம்னு கீழ எழுதியிருந்தா, அந்தக் கம்பெனிக்குக் கீழ இருக்கறதுதான் செல்லும். பேர் சொல்லி எழுதினதுதான் பெரிசு. வரிசையில எங்க நின்னா என்ன?"

மூன்று நாள்! மூன்று நாள் முடியைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்ததை, அம்மணி கைக்கடிகாரத்தைக் கழற்றுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். நம்ம ஆளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே!"

"எல்லாம் தெரியாதுங்க. இப்பப் பாருங்க, பூஜ்யம்னு எழுதியிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பூஜ்யம்னா... இருக்கறதுலயே குறைஞ்ச எடை. கடைசியாக் கொடுக்கலாம்."

"கடைசியாவா? எதுவானாலும் கொடுங்க, இது மட்டும் எனக்கு ஒத்துக்காதுன்னு ஒருத்தர் சொல்றாரு. மத்ததெல்லாம் தீந்துபோச்சுன்னு அதையே கொடுத்தா ஆள் போய்ச் சேந்துடுவாருங்க! பூஜ்யம்னா வேண்டவே வேண்டாம். உங்க நிரல் என்ன பண்ணுதுன்னு போட்டுத்தான் பாருங்களேன்."

வாயை அடைக்கவாவது பார்த்துவிடுவோம் என்று நம்ம ஆள் ஒரு வகைக்குப் பூஜ்யம் போட்டுத் தட்டினார். நிரல் எடுத்த எடுப்பில் அந்த வகையைத்தான் நீட்டியது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதையே நீட்டியது. எடை இல்லாவிட்டால் ஒன்று என்று வைத்துக்கொள் என அவர் எழுதிய வரி, பூஜ்யத்தையும் 'எடை இல்லை' என்றே எடுத்துக்கொண்டு, ஒன்றாக்கித் தூக்கி உச்சியில் வைத்திருந்தது.

நம்ம ஆளுக்கு வியர்த்தது. அடுத்த நொடியே முகம் மலர்ந்தது. நிஜக் கோளாறு! இனிமேல் பொய்யே சொல்ல வேண்டாம்.

"பாத்தியா? எவ்வளவு பெரிய ஓட்டை! நாளைக்கு முழுக்க உக்காந்தாத்தான் அடையும். தம்பிகிட்ட சொல்லிடு. அத்தானுக்கு வரணும்னு கொள்ளை ஆசை, வேலை விடலைன்னு."

"எடை எடைன்னு இவ்வளவு பேசற ஆளு வந்தா அவனுக்கும் ஒத்தாசையா இருக்கும். எதுக்கும் உங்க மேலாளரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்."

"தாராளமாக் கேக்கறேன். நீயும் கேளு!" என்று நம்ம ஆள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "மேடம், அவசரம். எடை பூஜ்யமா வந்தா நம்ம நிரல் ஒண்ணுன்னு எடுத்துக்குது. நாளைக்கே உக்காந்து..."

"ஓ, அதுவா?" என்றார் மேலாளர். "நேத்து இருமல் மருந்து வாங்க உங்க வீட்டம்மா கடைக்குப் போயிருந்தேன். உங்க வீட்டுக்காரர் மத்தியானமே முடிச்சுட்டாரேன்னு சொன்னேன். என்ன வேலைன்னு விலாவாரியாக் கேட்டாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, பூஜ்யம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னாங்க. போட்டுப் பாத்தா நிஜமாவே ஓட்டை! காலையில நானே அடைச்சுட்டேன். உங்ககிட்ட இருக்கறது பழைய பிரதி."

நம்ம ஆள் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். பதற்றத்தில் சத்தம்தான் கூடியது.

"நாளைக்கு மச்சானுக்கு வீடு மாத்தறீங்களாமே? நல்லாத் தூக்குங்க. முதுகை மட்டும் பாத்துக்கங்க!"

போன் அடங்கியது. அம்மணி கைப்பையைத் திறந்தார்.

"தைலம் நேத்தே வாங்கிட்டேங்க. பெரிய பாட்டில்."