போனுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

நான் எழுதுவது கோணல்மாணலாகத்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும் ரேஷன் கடைக் கையெழுத்தும்தான். மறதியும் கொஞ்சம் கூடிப்போச்சு. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவள், கடைசியில் நாலு பேர் பார்க்க முழித்துக்கொண்டு நிற்பாள். கூச்சத்தில் நான் பேர் போனவள். (பஸ்ஸில் என் ஊர் வந்தும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.)

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். என் மகள் சுபா மஸ்கட்டில் இருக்கிறாள். கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். தலைப்பிரசவம் அம்மை வீட்டில் என்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் விமானத்தில் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நான் போகலாம் என்றால், பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியதில் என் பிறந்த ஊர் வேறு எங்கோ போய்விட்டது. அதைத் திருத்துவதற்குள் மாசம் ஏழாகிவிட்டது, இனி விசாவுக்கு நேரம் இல்லை என்றார்கள்.

ஆக, பெண்ணைப் பெற்றவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு உரிமை. பிள்ளை பிறந்தால் கற்கண்டு கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் சேதி சொல்ல வேண்டியது பெண் வீட்டுக்காரர்கள்தான். அதையாவது விடக்கூடாது என்று நினைத்தேன். அதற்குக் காரணமும் உண்டு. என் சம்பந்தியம்மா ஆரல்வாய்மொழியில் இருக்கிறார். ரிட்டையர்டு டீச்சர். நான் எந்தச் சேதியைக் கொண்டு போனாலும், அது அவருக்கு நேற்றே தெரிந்திருக்கும். சுபா உண்டானதையே அவர் சொல்லித்தான் நான் கேட்டேன். எனக்கு அது ஆறவே இல்லை.

மருமகனிடம் போனில் கேட்டுவிட்டேன். (கூச்சத்தை விட்டு நான் கேட்ட ஒரே காரியம்.)

"மருமவனே, பிள்ள பொறந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். ஒங்க அம்மைக்கு நான் போய்ச் சொல்லுகேன்."

"சரி அத்தை. நீங்க சொல்லாம அம்மைக்குத் தெரியாது. போதுமா?"

போதும் என்றேன். அன்றைக்கே கற்கண்டு வாங்கி, பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, இரண்டையும் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என் போன் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தது. காலையில் கையில் எடுத்தால், புதுசாக ஏதோ வந்திருக்கிறது, இப்போது போடவா, பிறகு போடவா என்று கேட்கும். நான் "பிறகு" என்பதைத் தொடுவேன். மறுநாளும் கேட்கும். வீட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்புகிற மாதிரி எனக்கே சங்கடமாக இருந்தது.

மருமகனிடம் கேட்டேன். "போட்டுருங்க அத்தை. போடாம வச்சிருந்தா வீடியோ நின்னு நின்னு வரும்" என்றார்.

பக்கத்து வீட்டுத் தங்கத்திடம் கேட்டேன். அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். திரையில் மேலிருந்து கீழே பச்சையாக ஒரு கோடு. "அக்கா, இது அப்டேட் போட்ட அண்ணைக்கு வந்தது. இப்பம் எல்லாவனுக்க மூஞ்சியும் நடுவுல வகுந்துதான் தெரியுது. தொட்டிராதிய."

பேத்தியோ பேரனோ, முதல்முதலாகப் பார்க்கப் போகிற முகம். போடாவிட்டால் நின்று நின்று வரும். போட்டால் நடுவில் பச்சைக் கோடு. டவுனில் போன் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "போடலாம். போடாமலும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு ஆளிடம் பேசப் போய்விட்டார்.

மூன்று நாள் யோசித்தேன். பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா என்று முடிவு தெரியாத காரியத்துக்கெல்லாம் எங்கள் ஊரில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்பு அரளியையும் வெள்ளைப் பிச்சியையும் தனித்தனியாக வாழையிலையில் பொதிந்து, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு நானும் போனேன். போனையும் கொண்டு போனேன், முந்தானைக்குள். அம்மனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, எந்தப் போன் என்று.

"என்ன காரியம்ண்ணு சொல்லுங்க, அம்மைட்ட சொல்லுகேன்" என்றார் பூசாரி.

பின்னால் நாலு பெண்கள் நின்றார்கள். போனுக்கு என்று எப்படிச் சொல்வது?

"வீட்டுக் காரியம்" என்றேன்.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பிச்சி இருந்தது. பின்னால் நின்றவர்கள் சுபாவின் பிரசவத்துக்குத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து, "இனி ஒண்ணும் பயப்படாண்டாம் மதினி, அம்மை பாத்துக்கிடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்கும் தலையை ஆட்டினேன். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் போட்டு முடித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து, தங்கத்தையும் துணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இப்போது" என்பதைத் தொட்டேன்.

அது ஏதோ எண்ணிக்கொண்டே போனது. பிறகு இருட்டாயிற்று. ஒரு வட்டம் சுற்றியது. மறுபடி இருட்டு. தங்கம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரை வெளிச்சமாக வந்தது. பச்சைக் கோடு இல்லை. எனக்கு உயிர் வந்தது.

பெருவிரலை வைத்தேன். திறக்கவில்லை. விரலைச் சேலையில் துடைத்து வைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். நிறுத்தித் தொடங்கினால் விரல் மட்டும் போதாது, நாலு நம்பரும் வேண்டும் என்று தமிழிலேயே எழுதிக் காட்டியது.

அந்த நாலு நம்பரைப் போட்டு வைத்தது சுபா. முந்தின வருஷம் லீவுக்கு வந்தபோது, "எனக்கப் பிறந்த வருசம்தான் அம்மா, மறக்காதிய" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மகள் பிறந்த வருஷத்தை ஒரு தாய் மறப்பாளா? சுபாவின் ஜாதக நோட்டை அலமாரியில் இருந்து எடுத்தேன். அவளுடைய அப்பா கையால் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். கொல்லம் 1167, பங்குனி. (எங்கள் பக்கம் ஜாதகத்துக்குக் கொல்லம் ஆண்டுக் கணக்குதான்.) அழகாக 1167 என்று அடித்தேன்.

தவறு என்றது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக அடித்தேன். தவறு. ஆவணியில் வருஷம் மாறுமே என்று 1168 அடித்தேன், 1166 அடித்தேன். தங்கம் தன் பங்குக்கு ஒன்று அடித்தாள். (அது அவள் மகன் பிறந்த வருஷம். எதற்கு அடித்தாள் என்று இன்றைக்கும் தெரியாது.) அதோடு போன் கோபித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வா என்று நொடிகளை எண்ண ஆரம்பித்தது. எண்ணி முடிந்ததும் மறுபடி 1167 அடித்தேன். கொல்லம் 1167-இல் பிறந்த பிள்ளைக்கு வேறு எந்த வருஷத்தை அடிப்பது?

"மருமவனுக்க நம்பர் சொல்லுங்கக்கா, எனக்க போன்ல இருந்து கூப்பிடுவோம்" என்றாள் தங்கம்.

"அது இதுக்குள்ளதான் கெடக்கு."

"சுபாக்கது?"

"அதுவும்தான்."

அப்போதுதான் போன் அடித்தது. என் போனில் நாதஸ்வரம் வைத்திருந்தேன். இது ஏதோ கிணிகிணி என்று அடித்தது. பேரும் இல்லை, படமும் இல்லை. முன்னால் ஒரு கூட்டல் குறியோடு நீளமாக ஒரு நம்பர். எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் வாட்ஸப்பில்தான், சுபாவின் முகமும் மருமகன் முகமும் வட்டத்துக்குள் வரும். அவர்கள் நம்பர் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. பேர் இல்லாத நம்பரை எடுக்காதிய, அதுவும் வெளிநாட்டு நம்பர்ண்ணா தொடவே தொடாதிய, எல்லாம் ஏமாத்துக்காரப் பயலுவ என்று சுபா பாடம் மாதிரிச் சொல்லித் தந்திருந்தாள். அந்தப் பாடத்தை மட்டும் நான் நன்றாகப் படித்திருந்தேன். சிவப்பைத் தொட்டுக் கட் பண்ணினேன்.

மறுபடி அடித்தது. கட் பண்ணினேன்.

"காலையிலேயே எறங்கிட்டானுவ பாத்தியளா" என்றாள் தங்கம்.

மூன்றாவது தடவை அடித்தபோது எனக்கு ஒரு தைரியமே வந்துவிட்டது. "போலே" என்று சொல்லிக் கட் பண்ணினேன். (சொன்னது மருமகனை என்று அப்போது தெரியாது. வாட்ஸப்பும் பேர்களும் பூட்டுக்குள் இருந்ததால், அவர் சாதாரணமாகக் கூப்பிட, நம்பர் மட்டும் வந்திருக்கிறது.)

சுபா தினமும் ஒன்பதரை மணிக்குக் கூப்பிடுவாள். மணி பதினொன்று ஆகியும் அவளைக் காணவில்லை. தங்கம்தான் சொன்னாள்: "ஆரல்வாமொழி சம்பந்திக்கு நம்பர் கல்யாணக் குறியில அச்சடிச்சிருக்கும்லா. எடுங்க, அவியட்ட கேப்போம்."

கல்யாணக் குறி, அதாவது பத்திரிகை, அலமாரியில்தான் இருந்தது. ஆனால் டீச்சரிடம் போய் எப்படிக் கேட்பது? என்ன செய்தியள், எப்பம் செய்தியள், ஏன் செய்தியள் என்று பரீட்சை வைப்பார். பூக்கட்டிப் பார்த்தேன் என்று வேறு சொல்ல வேண்டி வரும்.

"வேண்டாம் தங்கம். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்குல்லா" என்று சொல்லிவிட்டேன். இந்த வாழ்க்கையில் நான் சொன்ன புத்தியில்லாத பேச்சுகளில் அதற்குத்தான் முதல் இடம்.

பன்னிரண்டு மணி வாக்கில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். நடை இல்லை, ஓட்டம். தலைமுடி கூட ஒழுங்காக வாரவில்லை. படியேறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மூச்சை விட்டு, தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மைனி, சுகமாத்தான இருக்கிய?"

"இருக்கேன். வாங்க, உள்ள வாங்க. என்ன இந்த வெயிலுல?"

"சும்மா. இந்தப் பக்கம் வந்தேன்."

டீச்சர் எந்தப் பக்கத்துக்கும் சும்மா வருகிறவர் இல்லை. அவர் கண் என் கையில் இருந்த போனுக்குப் போனது. பிறகு சாமி படத்துக்குக் கீழே இருந்த தாம்பாளத்துக்கும் கற்கண்டுக்கும் போனது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போனுக்கு என்ன?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பிறந்த வருசம் போட்டுப் பாத்தியளா?"

"போட்டேன். ஏழெட்டு மட்டம் போட்டேன். ஆயிரத்து நூத்தி அறுபத்தேழு."

டீச்சர் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். எத்தனையோ விடையைப் பார்த்திருப்பார்.

"மைனி, அது கொல்லம் வருசம்லா" என்று மட்டும் சொன்னார். போனை வாங்கி, இங்கிலீஷ் வருஷத்தை அடித்தார். கதவு திறந்த மாதிரித் திறந்துகொண்டது. என் மகள் பிறந்த இங்கிலீஷ் வருஷம் அவளுடைய மாமியாருக்கு மனப்பாடம்.

திறந்ததும் போன் உதறல் எடுத்த மாதிரித் துடித்தது. மருமகன் கூப்பிட்டது, சுபா கூப்பிட்டது, குரல் போட்டது, படம் போட்டது என்று வரிசையாக இறங்கியது. டீச்சர் அதில் ஒன்றையும் தொடவில்லை. போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க பாருங்க" என்று முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

படத்தைத் தொட்டேன். வெள்ளைத் துணியில் பொதிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு முகம். கோடும் இல்லை ஒன்றும் இல்லை. கீழே மருமகன் எழுதியிருந்தார்: பெண் குழந்தை, சுபா நல்லா இருக்கா, அத்தை போனை எடுங்க.

அந்த நேரத்திலும் என் உரிமையை மறக்கவில்லை. தாம்பாளத்தில் கற்கண்டைக் கொட்டி, குங்குமமும் வைத்து, முற்றத்தில் நின்ற டீச்சர் முன்னால் நீட்டினேன்.

"மைனி, நமக்குப் பேத்தி பொறந்திருக்கா."

டீச்சர் திரும்பினார். ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பிடியா? இப்பந்தான் கேக்கேன்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமையோடு வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்கும் தாம்பாளத்தை நீட்டினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, "எனக்குப் போதும்மா. பேத்தி பொறந்ததுக்கு டீச்சரம்மா தோவாளையில நிறுத்தி லட்டு வாங்கித் தந்தாவ. ரெண்டு தின்னேன்" என்றார்.

தங்கம் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். டீச்சர் பையை மெதுவாகப் பின்னால் மறைத்தார். அதில் லட்டுப் பெட்டி இருந்தது, பாதி காலியாக. அத்தை போனைக் கட் பண்ணிக்கொண்டே இருக்கிறார், என்ன ஆயிற்றோ போய்ப் பாருங்கள் என்று மருமகன் பயந்துபோய் அம்மையைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட வாயோடு சேதியும் வந்துவிட்டது.

அம்மனை நான் குறை சொல்ல மாட்டேன். போடலாமா என்றுதான் கேட்டேன், போடலாம் என்றாள். எப்போது போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் யார் என்ன சொன்னாலும் பதில் ஒன்றுதான். மழை வருது என்றால், "அப்பிடியா, இப்பந்தான் கேக்கேன்." சோறு வெந்தாச்சு என்றால், "அப்பிடியா, இப்பந்தான் கேக்கேன்." பேத்தி இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் அந்த "அப்பியா"வை மட்டும் டீச்சர் ராகத்திலேயே சொல்கிறாள்.

நினைவில் இருந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம். மருமகன் போனை நான் மூன்று தடவை கட் பண்ணினேன் என்று எழுதியிருக்கிறேன். டீச்சர் ஏழு என்கிறார். மஸ்கட்டில் மருமகன் போனில் அந்தப் பழைய விவரம் கிடக்கும். யாராவது பார்த்துச் சரி செய்துவிடுங்கள். மூன்றுதான் என்றால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏழு என்றால் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், என்னிடம் அவரே வந்து சொல்லிவிடுவார்.